கௌதாரியும் சராசரி வாயுவும்

ஒரு காட்டில் ஒரு சிங்கம் இருந்தது என்று ஆரம்பிப்பதுதான் மரபு. இந்தக் காட்டிலும் சிங்கம் இருந்தது. ஆனால் அது பதவி ஓய்வு பெற்று, பெரிய குகையை வௌவால்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, சின்னக் குகையில் காலை நீட்டிப் படுத்துவிட்டது. இந்தக் கதையில் அதற்கு வேலை இல்லை. சிங்கத்துக்குப் பிறகு காட்டை ஆண்டவை வாரியங்கள். நிழலுக்கு ஒரு வாரியம், ஓடைக்கு ஒரு வாரியம், கொட்டாவி விடுவதற்குக்கூட ஒரு வாரியம் இருந்ததாகச் சொல்வார்கள். நம் கதை எரிவாயு வாரியத்தைப் பற்றியது.

விலங்குகளுக்கு எதற்கு எரிவாயு என்று யாரும் கேட்க வேண்டாம். பக்கத்துக் காட்டில் குழாய் பதித்தார்கள், ஆகவே இங்கேயும் பதித்தார்கள். பதித்த மறுநாளே, அதுவரை பச்சையாகத் தின்றுகொண்டிருந்தவர்கள் எல்லாம் வேகவைக்காமல் தொண்டையில் இறங்காது என்று சொல்லப் பழகிக்கொண்டார்கள்.

வாயு இரண்டு இடத்திலிருந்து வந்தது. வடக்கே ஒரு சேற்றுப் பள்ளம். அங்கே கிளம்பும் வாயு பரம சாது. பற்றவைத்தால் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அணைந்துபோகும். தெற்கே ஒரு பாறைப் பிளவு. அங்கே கிளம்பும் வாயு முரடு. பற்றவைத்தால் மஞ்சள் நாக்கை நீட்டிக்கொண்டு எழுந்து, சட்டியெல்லாம் கரியைப் பூசிவிட்டு, கூரையையும் ஒரு முறை தொட்டுப் பார்க்கும். சேற்றை மட்டும் நம்பினால் சோறு வேகாது. பாறையை மட்டும் நம்பினால் சோற்றோடு வீடும் வெந்துவிடும். இரண்டையும் பாதிக்குப் பாதி கலந்தால்தான் அடுப்பில் அடக்கமான நீலச் சுடர் வரும். இதற்கென்று வாரியம் ஓர் அளவு வைத்திருந்தது. சூட்டு எண் என்று அதற்குப் பெயர். சேற்று வாயுவுக்கு முப்பது, பாறை வாயுவுக்கு எழுபது, கலவைக்கு ஐம்பது. ஐம்பதை ஒட்டி ஒன்றிரண்டு கூடினாலும் குறைந்தாலும் கேடில்லை.

கலப்பதற்காகக் காட்டின் நடுவில் ஒரு கலப்பு நிலையம் இருந்தது. அங்கே வேலை பார்த்தவள்தான் கௌதாரி அம்சவேணி.

நிலையத்தின் வடக்கு மூலையில் சேற்று வாயுவைத் திறக்கும் சக்கரம், தெற்கு மூலையில் பாறை வாயுவைத் திறக்கும் சக்கரம், நடுவில் கலவைத் தொட்டி. சக்கரத்தின் மேல் ஏறி நின்றால் வாயு திறக்கும். இறங்கினால் தானாக மூடிக்கொள்ளும். காவலில் இருப்பவர் தூங்கி விழுந்தால் ஊர் எரியக் கூடாதே என்று செய்த ஏற்பாடு. ஆகையால் கலப்பதற்கு எப்போதும் இரண்டு பேர் வேண்டும். வடக்கே அம்சவேணி நிற்பாள். தெற்கே ஒரு மரங்கொத்தி நிற்பார். தொட்டியில் இருந்த மீட்டரைப் பார்த்துப் பார்த்து, 'கொஞ்சம் அமுக்கு, கொஞ்சம் விடு' என்று ஒருவரையொருவர் அதட்டிக்கொள்வார்கள். மழை பெய்தால் சேறு ஒரு மாதிரி, வெயிலடித்தால் வேறு மாதிரி. ஒரு நாள் நாற்பத்தெட்டு வரும், ஒரு நாள் ஐம்பத்தொன்று வரும். காட்டில் சோறு வெந்தது. யாரும் யாரையும் பாராட்டவில்லை.

வாரியத்தின் தலைவர் கரடி பெத்தபெருமாள். தேன் காலம் வந்ததும் அவருக்கு ஒரு கவலை பிடித்துக்கொண்டது. எந்த மரத்துப் பொந்துக்குள் தேன்கூடு ஒளிந்திருக்கிறது என்று தட்டிப் பார்த்துச் சொல்ல வீட்டில் ஓர் ஆள் வேண்டும். தட்டுவதில் மரங்கொத்தியை மிஞ்ச யார் இருக்கிறார்கள்? மறுநாளே மரங்கொத்தி 'சிறப்புப் பணி'க்குத் தலைவர் வீட்டுக்குப் போய்விட்டார். ஊழியரை அதிகாரி வீட்டுக்கு அனுப்புவது அந்தக் காட்டின் பழைய வழக்கம். ஓடை வாரியத்தின் நீர்க்கோழி ஏற்கெனவே அங்கேதான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தது. அதனால் இதில் தப்பு இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை.

அம்சவேணிக்குத் தோன்றியது. ஆனால் அவள் விவரமானவள். போய்ச் சொன்னால், 'ஒரு மரங்கொத்தி இல்லாவிட்டால் உனக்கு வேலை ஓடாதோ' என்று தலைவர் கேட்பார். சொல்லாவிட்டால் ஒன்றும் கேட்க மாட்டார். எனவே காலையில் வடக்குச் சக்கரத்தில் ஏறி நின்றாள். உச்சிப்பொழுதில் இறங்கி, ஓடிப்போய்த் தெற்குச் சக்கரத்தில் ஏறினாள். பொழுது சாய்ந்ததும் அன்றைய சூட்டு எண்ணைச் சொல்லியாக வேண்டும். காலையில் முப்பது, மாலையில் எழுபது. கூட்டினாள், பாதியாக்கினாள். ஐம்பது. இம்மி பிசகாத ஐம்பது. இத்தனை காலம் இரண்டு பேர் நின்று தொண்டை கிழியக் கத்தியும் வராத ஐம்பது, ஒரே ஆளாக ஓடியதில் வந்துவிட்டது. அம்சவேணிக்கே தன் மேல் ஒரு மரியாதை உண்டாயிற்று.

தர ஆய்வாளர் தணிகாசலம் வந்து பார்த்தார். அவர் ஓணான். ஓணான் எதைக் கண்டாலும் தலையாட்டும் என்பது பால்குடிக்கிற குட்டிக்குக்கூடத் தெரியும். அந்தத் தகுதியைப் பார்த்துத்தான் அவரை ஆய்வாளராகப் போட்டிருந்தார்கள்.

"ஐம்பதா?" என்று கேட்டார்.

"ஐம்பதேதான் சார். மயிரிழை கூடல, குறையல."

தணிகாசலம் தலையாட்டினார்.

மாதம் முழுக்க ஐம்பது வந்தது. சேறு காய்ந்தாலும் ஐம்பது, பாறை வெடித்தாலும் ஐம்பது. வாரியம் புளகாங்கிதம் அடைந்தது. விழா எடுத்து, அம்சவேணிக்குச் 'சராசரித் திலகம்' என்று பட்டம் கொடுத்து, ஒரு பொன்னாடையும் போர்த்தினார்கள். யானை அளவுக்கு வாங்கிய பொன்னாடை. உள்ளே போன கௌதாரி எந்தப் பக்கமாக வெளியே வருவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் தட்டுத்தடுமாறியதைக் கூட்டம் நடனம் என்று நினைத்துக் கைதட்டியது. பெத்தபெருமாள் பேசும்போது இரண்டு அறிவிப்புகள் செய்தார். ஒன்று, கலப்பதற்கு இனி ஒரே ஊழியர் போதும். இரண்டு, ஐம்பது துல்லியமாகக் கிடைக்கிறபடியால் இனிமேல் தரம் என்றால் ஐம்பதுதான். நாற்பத்தொன்பதும் ஐம்பத்தொன்றும் குற்றம்.

இனி காட்டின் நிலைமையைச் சொல்ல வேண்டும். காலையில் அடுப்பு பெருமூச்சு மட்டும் விட்டது. தண்ணீர் வெதுவெதுப்பானால் அது அன்றைய அதிர்ஷ்டம். சாயங்காலம் அதே அடுப்பில் பந்தம் எழுந்தது. ஊரே காலையில் பச்சையாகவும் மாலையில் கருகலாகவும் சாப்பிட்டது. ஒரு முயல், மீசை முழுவதும் பொசுங்கிய முகத்தோடு கலப்பு நிலையத்துக்கு வந்து முறையிட்டது.

"மேடம், சாயங்காலம் கேரட் சூப்பு வெக்கப் போனேன். மீசையே போச்சு."

"காலையில மீசை எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள் அம்சவேணி.

"காலையிலயா? சில்லுனு இருந்துச்சு."

"பாத்தீங்களா? சில்லுனும் இருந்திருக்கு, சூடாவும் இருந்திருக்கு. மொத்தத்துல மிதமா இருந்திருக்கு. போய்ட்டு வாங்க."

முயல் கொஞ்சம் படித்தது. அதனால் இந்தக் கணக்கு அதற்குப் புரிந்துவிட்டது. திரும்பிப் போய்விட்டது.

அடுத்து வந்த காடைக்குப் புரியவில்லை. காடையின் பெயர் பேச்சியம்மாள். நிழல் வாரியத்தில் நிழல் அளக்கிற வேலை. வேலைக்குப் போகும் பறவைகளுக்கு அடைகாக்க விடுப்புக் கிடையாது என்பது காட்டுச் சட்டம். அதற்குப் பதிலாக எரிவாயு வாரியமே ஒரு பொது அடைகாப்பகம் கட்டிவிட்டிருந்தது. வரிசையாகக் கூடைகள், கூடைக்குக் கீழே வாயு அடுப்பு. தாய்மார்கள் முட்டையை வைத்துவிட்டு வேலைக்குப் போகலாம். பார்த்துக்கொள்ள காகம் செங்கமலம் இருந்தாள். அடுத்தவர் முட்டையை அடைகாத்ததில் முன் அனுபவம் கேட்டிருந்தார்கள். குயில்களின் புண்ணியத்தில் செங்கமலத்துக்கு அது நிறையவே இருந்தது.

பேச்சியம்மாள் அங்கே நான்கு முட்டை வைத்திருந்தாள்.

"ரெண்டு குளுந்து செத்துப்போச்சு. ரெண்டு அவிஞ்சு போச்சு," என்றாள். அழவில்லை. அழுது முடித்துவிட்டுத்தான் வந்திருந்தாள் போலிருந்தது.

அம்சவேணிக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் திலகம் வாங்கியவள் சட்டென்று சங்கடத்தைக் காட்டிவிட முடியாது. "என்ன பண்றது பேச்சி, சராசரியா பாத்தா சூடு சரியாத்தான் இருந்திருக்கு," என்றாள்.

பேச்சியம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் திரும்பி நடந்துவிட்டாள். அவள் திட்டிவிட்டுப் போயிருக்கலாம் என்று அம்சவேணிக்குத் தோன்றியது.

பட்டமும் பொன்னாடையும் இருந்தாலும் பருவம் பருவம்தானே. அடுத்த மாதம் அம்சவேணியே ஐந்து முட்டை இட்டாள். இளம் மஞ்சள் நிறத்தில் ஐந்தும் லட்சணமாக இருந்தன. ஆண் கௌதாரி வந்து பார்த்து, 'நம்ம ஜாடை' என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் வேலை இருப்பதாகப் புதருக்குள் போனது. இன்னும் வரவில்லை.

அம்சவேணி தலைவரிடம் போய் நின்றாள்.

"ஐயா, முட்டை போட்டிருக்கேன். அடைகாக்க லீவு வேணும்."

பெத்தபெருமாள் தேன் வழிந்த விரலைச் சப்பிக்கொண்டே கேட்டார். "நீ லீவுல போயிட்டா ஐம்பதை யாரும்மா காட்டுவா?"

"அப்போ மரங்கொத்தியாவது திருப்பி அனுப்புங்கய்யா. ரெண்டு பேரா நின்னு நெஜமாவே கலந்துடறோம்."

"தேன் காலத்துலயா? நல்லா கேட்டே போ. அடைகாப்பகம் எதுக்குக் கட்டி வெச்சிருக்கோம்? கொண்டுபோய் வை. ஐம்பது சூட்டுல முட்டைக்கு என்ன கேடு வந்துடும்? நீயேதானே சொல்லியிருக்கே."

அவளேதான் சொல்லியிருந்தாள். மறுக்க வழியில்லை.

முட்டைகளைக் கூடையில் வைத்துவிட்டு, மறுநாள் காலை வடக்குச் சக்கரத்தில் ஏறி நின்றபோது அம்சவேணிக்குக் கால் தரிக்கவில்லை. தன் காலடியில் திறந்து ஓடும் இந்தச் சோனி வாயு நேராக எங்கே போகிறது என்று அவளுக்குத் தெரியும். போய், கூடைக்குக் கீழே யோசிக்கும்; யோசித்துவிட்டு அணையும். இறங்கினால் ஊருக்கே வாயு நின்றுவிடும். நின்றால் முட்டை குளிர்ந்துவிடும். உச்சிப்பொழுதில் தெற்குச் சக்கரத்துக்கு ஓடியபோது இன்னும் மோசம். கால் வைத்த மாத்திரத்தில் பாறை வாயு சீறிக்கொண்டு கிளம்பியது. ஏறியது அவள்தான், அதை அனுப்பியதும் அவள்தான். முட்டையிட்ட தாயே முட்டைக்குக் கீழே தீயைக் கொளுத்திவிட்டு நின்றாள். முயலுக்கும் காடைக்கும் சொன்ன கணக்கைத் தனக்கும் சொல்லிப் பார்த்தாள். முப்பதும் எழுபதும் நூறு, நூற்றில் பாதி ஐம்பது. கணக்கு சரியாகவே இருந்தது. வயிறுதான் கேட்கவில்லை.

பொழுது சாய்ந்ததும் அடைகாப்பகத்துக்குப் பறந்தாள். செங்கமலம் வாசலிலேயே நின்றாள். இறக்கை நுனி கருகியிருந்தது.

"காலையில பத்தவெச்சுப் பத்தவெச்சு என் அலகே தேஞ்சு போச்சும்மா. அணையுது, அணையுது, அணைஞ்சுக்கிட்டே இருக்கு. மத்தியானத்துக்கு மேல விசிறி விசிறி றெக்கையே போச்சு. உன் முட்டையைத் தள்ளித் தள்ளி வெச்சுப் பாத்துக்கிட்டேன். எத்தனை நாளைக்கு முடியும்?"

"உயிர் இருக்காக்கா?"

"இன்னைக்கு இருக்கு," என்றாள் காகம்.

அம்சவேணி அங்கிருந்து நேராகப் பேச்சியம்மாள் வீட்டுக்குப் போனாள். மானம், ரோஷம், திலகம் எல்லாவற்றையும் வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனாள்.

"பேச்சி, தெற்குச் சக்கரத்துல வந்து நில்லு. ரெண்டு பேரும் நின்னாத்தான் கலக்க முடியும்."

"என் முட்டைக்குக் கலக்கத் தோணலியே உனக்கு."

"தோணல," என்றாள் அம்சவேணி. "தோணியிருக்கணும்."

காடை கொஞ்ச நேரம் தரையைக் கொத்திக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள். "உனக்காக வரல. அந்தக் கொட்டகையில புறா முட்டை இருக்கு, கொக்கு முட்டை இருக்கு, மைனா முட்டை இருக்கு. அதுங்க என்ன பாவம் பண்ணுச்சு? வரேன்."

மறுநாள் பேச்சியம்மாள் நிழல் வாரியத்துக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு வந்தாள். காடையின் எடைக்குத் தெற்குச் சக்கரம் அசையவில்லை. முதுகில் ஒரு கல்லைக் கட்டிக்கொண்டு ஏறினாள். அசைந்தது. வடக்கே அம்சவேணி, தெற்கே பேச்சியம்மாள், நடுவில் தூசி படிந்த மீட்டர். 'கொஞ்சம் அமுக்கு பேச்சி, கொஞ்சம் விடு பேச்சி.' சாதுவும் முரடும் தொட்டிக்குள் சந்தித்து, ஒன்றின் மூர்க்கத்தை ஒன்று தணித்து, ஒன்றின் சோம்பலை ஒன்று தட்டியெழுப்பி, ஒரே வாயுவாக வெளியே வந்தன. மீட்டர் நாற்பத்தொன்பது காட்டியது. அடைகாப்பகத்தில் நீலச் சுடர் நிலையாக நின்றது. செங்கமலம் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முதல் முறையாக அலகை மூடிக்கொண்டு ஒரு தூக்கம் போட்டாள்.

இப்படி ஒரு வாரம் ஓடியது. காலையில் கஞ்சி வெந்தது. மாலையில் குழம்பு கருகவில்லை. ஊரார் மகிழ்ந்தார்கள் என்று எழுதத்தான் ஆசை. ஊரார் முணுமுணுத்தார்கள். 'சாயங்காலம் எவ்வளவு லட்சணமா எரியும், இப்ப இத்தனூண்டு எரியுது' என்றது ஒரு நரி. 'வாயுவைத் திருடுறாங்க' என்றது ஒரு செந்நாய். மீசை பொசுங்கிய முயல்கூட, அந்தக் காலத்துச் சுடரில் ஒரு கம்பீரம் இருந்தது என்று சொல்லித் திரிந்தது.

கடைசியில் வினை தலைவர் வீட்டு அடுப்பில் வந்து உட்கார்ந்தது. பெத்தபெருமாள் கிழங்கு சுட அடுப்பைப் பற்றவைத்தார். மஞ்சள் பந்தம் எழும் என்று எட்டி நின்றார். எழவில்லை. பட்டப்பகல் வெளிச்சத்தில் நீலச் சுடர் அவர் கண்ணுக்குத் தட்டுப்படவில்லை. வாயு வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, தேன் பூசிய வலது கையை அப்படியே அடுப்புக்குள் விட்டுத் துழாவினார். அடுப்பு தன் வேலையைச் செய்தது.

கையில் வாழையிலையைச் சுற்றிக்கொண்டு, ஓணான் தணிகாசலத்தையும் இழுத்துக்கொண்டு, அவர் கலப்பு நிலையத்துக்குள் நுழைந்தபோது இரண்டு சக்கரத்திலும் இரண்டு பறவைகள் நின்றுகொண்டிருந்தன.

"என்ன பண்றீங்க ரெண்டு பேரும்?"

"கலக்கிறோமய்யா," என்றாள் அம்சவேணி.

"கலப்பு நிலையத்துலயா?"

அங்கேயே விசாரணை நடந்தது. தணிகாசலம் ஒரு கல்லின் மேல் ஏறி நின்று குற்றங்களை வாசித்தார். ஒரே குழாயில் ஒரே நேரத்தில் இரண்டு வாயுக்கள் இருந்தது முதல் குற்றம். கண்ணுக்குத் தெரியாத சுடரை உற்பத்தி செய்து தலைவரின் கைக்குச் சேதம் விளைவித்தது இரண்டாவது. காலையில் நாற்பத்தொன்பதும் மாலையில் ஐம்பத்தொன்றும் காட்டி, தரத்தை ஒரு முறைகூடத் தொடாமல் விட்டது மூன்றாவது. அலுவலகத்துக்குச் சொந்தமில்லாத காடையையும் கல்லையும் உள்ளே கொண்டுவந்தது நான்காவது.

"நாப்பத்தொன்பதும் ஐம்பத்தொண்ணும் சேர்ந்தா சராசரி ஐம்பதுதானே சார்?" என்று கேட்டாள் அம்சவேணி.

தணிகாசலம் பழக்க தோஷத்தில் தலையாட்டிவிட்டார். கரடி முறைத்ததும் தலையைப் பக்கவாட்டில் ஆட்டினார்.

"சராசரி எடுக்கிற அதிகாரம் வாரியத்துக்கு மட்டும்தான்," என்றார் பெத்தபெருமாள். "ஊழியருங்க ஆளாளுக்கு எடுத்தா நிர்வாகம் என்னத்துக்கு ஆகும்? உன்னை சஸ்பெண்டு பண்றேன். காடையைப் பத்தி நிழல் வாரியத்துக்குச் சொல்லிடறேன், அவங்க அவளைக் கவனிச்சுப்பாங்க. விசாரணை முடியற வரைக்கும் நீ இந்தப் பக்கம் கால் வைக்கக் கூடாது. வீட்டை விட்டு நகரக் கூடாது. உக்காந்த எடத்துல உக்காந்திருக்கணும். புரியுதா?"

அம்சவேணி குனிந்த தலையோடு கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசி வாக்கியத்தில்தான் நிமிர்ந்தாள்.

"உக்காந்த எடத்துலயாங்கய்யா?"

"ஆமா."

"விசாரணைக் குழுவுக்கு யாரு தலைவர்?"

"ஆமை," என்றார் தணிகாசலம்.

அம்சவேணிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இரண்டில் எதை முன்னால் விடுவது என்று தெரியாமல் ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஓட்டமெடுத்தாள். தலைவர் அதை அவமானத்தால் ஓடுவதாக எடுத்துக்கொண்டு திருப்தியடைந்தார். அவள் போய் நின்ற இடம் அடைகாப்பகம். ஐந்து முட்டைகளையும் செங்கமலத்தின் உதவியோடு ஒவ்வொன்றாகப் புதருக்குக் கொண்டுபோய், இறக்கையை விரித்து, மேலே உட்கார்ந்தாள். உடம்புச் சூடு முப்பதா எழுபதா என்று அவள் அளக்கவில்லை. அதற்கு முன்பும் பின்பும் வேறு எந்த ஆணைக்கும் அவள் அவ்வளவு மனப்பூர்வமாகக் கீழ்ப்படிந்ததில்லை.

செய்தி பரவியது. அடைகாப்பகத்தில் முட்டை வைத்திருந்த மற்ற தாய்மார்களும் முட்டாள்கள் இல்லை. தபால் வாரியத்துப் புறா, அன்றைய கடிதங்களை எல்லாம் அந்தந்த விலாசத்திலேயே கொண்டுபோய்க் கொடுத்தாள். மத்தியானமே சஸ்பெண்டு. ரேஷன் கடைக் கொக்கு தராசில் கால் வைக்காமல் தானியம் நிறுத்தாள். வரிசையில் நின்றவர்களே அதிர்ச்சியடைந்து புகார் கொடுத்தார்கள். புகார் வாங்கும் மைனா அந்தப் புகாரை வாங்கியதோடு படித்தும் பார்த்தாள். அவளையும் அனுப்பிவிட்டார்கள். வாரம் முடிவதற்குள் அடைகாப்பகம் காலியாயிற்று. அங்கே இப்போது ஒரு முட்டைகூடக் கெடுவதில்லை என்று வாரியம் பெருமையோடு அறிவித்து, அந்தச் சாதனைக்காகப் பெத்தபெருமாளுக்கு ஒரு பொன்னாடை போர்த்தியது.

அம்சவேணியின் முட்டைகளில் மூன்று பொரிந்தன. ஈரம் காய்ந்ததும் குஞ்சுகள் எழுந்து நின்று, உலகத்தைப் பார்த்துவிட்டு, பிடிக்காமல் மறுபடி தாயின் இறக்கைக்குள் நுழைந்துகொண்டன. மற்ற இரண்டு முட்டைகளில் அசைவில்லை. முதல் நாள் சூடா, குளிரா, எது அவற்றை எடுத்தது என்று சொல்ல முடியாது. அவள் அந்த இரண்டின் மேலும் விடாமல் உட்கார்ந்திருந்தாள். பேச்சியம்மாள் வந்தாள். நிழலைச் சரியாக அளந்து தொலைத்ததற்காக அவளுக்கும் வேலை போயிருந்தது. வந்தவள் பக்கத்தில் உட்கார்ந்து, வெளியே வழிந்த ஒரு குஞ்சைத் தன் இறக்கைக்குள் இழுத்துக்கொண்டாள். செங்கமலமும் எட்டிப் பார்த்தாள். "அஞ்சுக்கு மூணு, சராசரியா பாத்தா..." என்று ஆரம்பித்தவள், இருவரும் நிமிர்ந்து பார்த்த பார்வையில் மீதியை விழுங்கிவிட்டாள்.

இதற்குள் கலப்பு நிலையத்தில் சக்கரம் ஏற ஆளில்லை. ஊரே இருட்டில் பச்சைக் கிழங்கு தின்றது. கடைசியில் பெத்தபெருமாளே காலையில் வடக்கும் மாலையில் தெற்குமாக ஏறி நிற்க வேண்டி வந்தது. கரடிக்கு மூச்சு வாங்கியது. ஆமைக்கு அவசரச் செய்தி போனது. ஆமை தன் வாழ்நாளில் முதல் முறையாக ஓடியது.

ஒரு காலை ஓணான் தணிகாசலம் புதர் வாசலில் வந்து நின்றார்.

"விசாரணை முடிஞ்சுபோச்சும்மா. உன்னை மன்னிச்சுட்டாங்க. நாளைக்கே வேலைக்கு வந்துடணுமாம்."

அம்சவேணி குஞ்சுகளை இன்னும் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டாள். அவை இன்னும் பறக்கப் பழகவில்லை. தாயின் சூடு இல்லாமல் ஒரு பனிக் காலையைத் தாங்கா. மேலே பருந்து வேறு வட்டமிட்டுக்கொண்டிருந்தது.

"எப்படி சார் மன்னிச்சாங்க? நான் குத்தம் பண்ணது நெஜம்தானே."

"குழு ரொம்ப நியாயமா பாத்துச்சு. திலகம் வாங்கினதுலேர்ந்து நீ ஒரே ஒரு வாரம்தான் ஒழுங்கா வேலை பாத்திருக்கே. மீதியெல்லாம் சுத்தமான பதிவு. சராசரி எடுத்தா அந்த ஒரு வாரம் எங்கே இருக்குன்னே தெரியல," என்றார் தணிகாசலம். சொல்லிவிட்டு, குழுவின் தீர்ப்பு தனக்கும் பிடித்துப்போய்த் தலையாட்டினார்.

அம்சவேணி பேச்சியம்மாளைப் பார்த்தாள். பேச்சியம்மாள் எழுந்து போய் ஒரு கல்லைத் தேடி எடுத்து முதுகில் கட்டிக்கொண்டாள்.

மறுநாள் குஞ்சுகளைச் செங்கமலத்தின் இறக்கைக்குள் ஒப்படைத்துவிட்டு இருவரும் கலப்பு நிலையத்துக்குப் போனார்கள். பொழுது புலர்ந்ததும் இரண்டு சக்கரத்திலும் ஏறி, தங்கள் ஆயுளில் வேறெப்போதும் செய்யாத சுத்தத்தோடு வாயுவைக் கலந்தார்கள். வெயில் ஏறுவதற்குள் அம்சவேணியை மறுபடி சஸ்பெண்டு செய்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குஞ்சுகளுக்குப் பசிப்பதற்கு முன்பே அவள் புதருக்குத் திரும்பிவிட்டாள்.

நீதி: விடுப்பு வேண்டுவோர் விண்ணப்பம் எழுதி அதிகாரியின் காலில் விழ வேண்டாம், ஒரே ஒரு காலை உங்கள் வேலையை ஒழுங்காகச் செய்யுங்கள், அவர்களே வீட்டில் கொண்டுபோய் உட்காரவைப்பார்கள்.